இரண்டு மாத இடைவெளி

எங்கள் பழைய அலுவலகம் ஆண்டு மலர் ஒன்று போடுகிறதாம். இப்போது அங்கே பொறுப்பாக இருக்கும் ரமணன் தொலைபேசியில் கேட்டார்: “அண்ணை, பழைய விசாக் கதையள் ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோவன். பகிடியா இருந்தால் நல்லம்.”

பகிடிக் கதைகள் என்னிடம் இல்லாமல் இல்லை. கல்யாண மாலையோடு எடுத்த படத்தை வெட்டி விசாவுக்குக் கொண்டு வந்தவர் இருக்கிறார். மனைவியின் பாஸ்போர்ட் என்று மாமியாரின் பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு கட்டுநாயக்க விமான நிலையம் வரை போனவரும் இருக்கிறார். இதையெல்லாம் நான் எத்தனையோ கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்க வைத்தாயிற்று. ஆனால் பேனாவை எடுத்து நான்கு நாள் உட்கார்ந்ததில் வந்தது வேறொரு கதை. ரமணனுக்கு விருப்பம் என்றால் போடட்டும், இல்லாவிட்டால் விடட்டும். என் படம் மட்டும் வேண்டாம்.

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், புடவைக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. ரயில் போகும்போது மேசைக் கண்ணாடி நடுங்கும். பேச்சை நிறுத்தி, அது போன பிறகு தொடருவோம். விமான டிக்கெட்டும் விற்றோம் என்றாலும் சோறு போட்டது இந்திய விசாதான். வைத்தியத்துக்கு, கூறைச்சேலை எடுக்க, கோயில் கும்பிட, அங்கே படிக்கிற பிள்ளையைப் பார்க்க என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். நான் தட்டெழுத்தாளனாகச் சேர்ந்து, இரண்டு வருடம் படிவம் நிரப்பி, மூன்றாம் வருடம் கவுண்டருக்கு வந்தவன். பிறகு இருபத்துமூன்று வருடம் அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை. பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான்.

மிச்சமெல்லாம் ஸ்டெல்லா மிஸ்ஸிடம் படித்தது. அவதான் முதலாளி. கொட்டாஞ்சேனைக்காரி. காலைப் பூசை பார்த்துவிட்டு பஸ் பிடித்து, எங்களுக்கு முன்னமே வந்து கதவைத் திறந்து வைத்திருப்பா. நான் பார்த்த நாளில் இருந்து அவ சத்தம் போட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பா. அதைக் கண்டதும் நாங்கள் படிவத்தை எடுத்து மறுபடி முதலிலிருந்து பார்ப்போம்.

அவவிடம் மூன்று கட்டளைகள் இருந்தன. பாஸ்போர்ட்டைக் கண்ணால் பார்க்கக்கூடாது, வாயால் வாசிக்க வேண்டும். ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர் படிவத்தில் விரல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். “கண் தனக்குப் பழகினதைத்தான் பாக்கும், குலசிங்கம். வாயால வாசியும்” என்பா. இரண்டாவது, விசாச் சட்டத்தில் எந்த மாற்றம் வந்தாலும் அந்த அறிவித்தலை ஒரு கோப்பில் கோத்து, நாங்கள் எல்லோரும் வாசித்து, அடியில் திகதியோடு கையெழுத்து வைக்க வேண்டும். மூன்றாவதுதான் எனக்குக் கசந்தது. வாடிக்கையாளரிடம் ‘போகலாம்’ என்று சொல்லக்கூடாது. “விசா குடுக்கிறது நாங்கள் இல்லை. கேட்டுட்டுச் சொல்லுறம் எண்டு மட்டும் சொல்லும்.”

எனக்கு அப்போது ‘விசா குலசிங்கம்’ என்று பெயர் ஏறியிருந்த காலம். பந்தியில் சோற்றைக் குழைத்தபடியே மூன்று பேருக்கு ஆலோசனை சொல்வேன். ஆறு மாத விசா எப்போது முடிகிறது, பாஸ்போர்ட்டில் எத்தனை மாதம் மிச்சம் இருக்க வேண்டும், எல்லாம் விரல் நுனியில். அப்படிப்பட்டவன் கேட்டுட்டுச் சொல்லுறன் என்று சொன்னால் மரியாதை என்னாவது? மிஸ் இருந்தால் அவ சொன்னபடி சொல்வேன். மிஸ் வங்கிக்குப் போனால் என் சொந்த ராச்சியம்தான். தலைக்கனம் என்பதற்கு வேறு பெயர் தேடத் தேவையில்லை.

மல்டிபிள் என்ட்ரி என்று ஒரு விசா. காலம் முடியும்வரை ஒரே விசாவில் எத்தனை தரமும் போய் வரலாம். வெள்ளவத்தைச் சனம் அதை ரயில் சீசன் டிக்கெட் மாதிரி வைத்திருந்தது. அந்த நேரத்தில்தான் புதிய விதி வந்தது. சுற்றுலா விசாவில் போய் வந்த ஒருவர், விசா மல்டிபிளாக இருந்தாலும், வெளியேறி இரண்டு மாதம் கழியாமல் திரும்ப உள்ளே போக முடியாது. அவசரம் என்றால் ஆதாரங்களோடு விசா அலுவலகத்துக்கு நேரே போய் விசேட அனுமதி கேட்க வேண்டும். புதிதாக வந்த விசாக்களில் இதை ஒரு வரியாக முத்திரை குத்தியே கொடுத்தார்கள்.

மிஸ் அறிவித்தலைச் சத்தமாக வாசித்தா. நாங்கள் கையெழுத்து வைத்தோம். நானும் வைத்தேன். ஆனால் என் மண்டைக்குள் நானாகவே ஒரு வரி சேர்த்துக்கொண்டேன்: முத்திரை குத்திய விசாவுக்குத்தான் இந்த இடைவெளி, அதற்கு முன் எடுத்த பழைய விசாக்களைத் தொடாது. அறிவித்தலில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை. முத்திரையைப் பார்த்துப் பார்த்துப் பழகியதில், முத்திரை இல்லாவிட்டால் விதியும் இல்லை என்று மனம் தானாக முடிவெடுத்துக்கொண்டது.

யோகேஸ்வரி அக்காவின் விசா அப்படிப்பட்ட பழைய விசா. அவவும் கணவர் தர்மலிங்கம் அண்ணரும் எங்கள் அலுவலகத்திலிருந்து மூன்றாவது ஒழுங்கையில் குடியிருந்தார்கள். ஒரே மகள் சிந்து, அப்போது பள்ளியில் உயர்தர வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அண்ணருக்கு ஈரலில் வருத்தம். சென்னைக்குக் கொண்டுபோனார்கள். வைத்திய விசா எடுக்க அலைச்சல் கூட என்று அந்த நாட்களில் பலரும் சுற்றுலா விசாவிலேயே போனார்கள். நாங்களும் அதைத்தான் செய்து கொடுத்தோம். மகளை மட்டக்குளியில் தன் தாயிடம் விட்டுவிட்டு, அக்கா ஏழு வாரமாக அங்கே லொட்ஜ் ஒன்றில் இருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தா.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். மிஸ் வெளியே போயிருந்தா. நான் சோற்றுப் பார்சலைப் பிரித்துவிட்டேன். தொலைபேசி அடித்தது.

“தம்பி, நான் யோகேஸ்வரி அக்கா கதைக்கிறன், சென்னையில இருந்து. காலமை அம்மா மோசம் போயிட்டா. நான் ஒரே பிள்ளை. சிந்துவும் அங்க தனிச்சுப் போனாள். நாலைஞ்சு நாள் வந்து செத்தவீட்டை முடிச்சுப்போட்டுத் திரும்பிப் போக ஏலுமோ? இவரை இப்பிடி விட்டுட்டு வாறன், விசாவில கரைச்சல் ஒண்டும் வராதே?”

“மல்டிபிள்தானே அக்கா. ஒண்டுக்கும் பயப்பிடாமல் வாங்கோ. எத்தனை தரமும் போய் வரலாம்.”

இவ்வளவுதான். கோப்பைத் திறக்கவில்லை. ‘பொறுங்கோ, கேட்டுட்டு எடுக்கிறன்’ என்று சொல்லவில்லை. இடது கையில் தொலைபேசி, வலது கையில் சோறு. அனுதாபம் சொல்லி வைத்துவிட்டுச் சாப்பிட்டு முடித்தேன்.

மட்டக்குளிச் செத்தவீட்டுக்குப் போனேன். அக்கா அழுது ஓய்ந்து போயிருந்தா. என்னைக் கண்டதும், “இவர் வேண்டாமெண்டு சொல்லுவாரோ எண்டு யோசிச்சன் தம்பி. குலசிங்கம் சொன்னாச் சரி, போட்டு வாரும் எண்டு அவர்தான் அனுப்பினவர்” என்றா. எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

புதன்கிழமை காலை நான் வேலைக்கு வரும்போது அக்கா எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தா. பக்கத்தில் சூட்கேஸ், சிந்து. அக்கா விடியக் காலை விமானத்துக்குப் போனவ, சிந்து வழியனுப்பப் போனவள். விமான நிறுவனக் கவுண்டரில் இருந்த பிள்ளை பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து, கடைசியாக வெளியேறிய முத்திரையில் விரல் வைத்து, தலையை ஆட்டிவிட்டாளாம்.

“‘யன்ன பே அம்மே’ எண்டு சிங்களத்தில சொன்னாள், தம்பி. போக ஏலாதாம். ரெண்டு மாசம் செல்லோணுமாம். அவருக்கு அங்க ஆர் இருக்கினம்? பக்கத்து அறை மட்டக்களப்பு அம்மாட்டச் சொல்லிப்போட்டெல்லோ வந்தனான்.”

அந்த நொடியே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அறிவித்தலும், மிஸ் வாசித்த குரலும், என் கையெழுத்தும் கண் முன்னால் வந்தன. வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்:

“நேற்றுத்தான் அக்கா சட்டம் மாறினது. எங்களுக்கே இப்பதான் தெரியும்.”

திட்டம் போட்டுச் சொன்ன பொய் இல்லை. ஆனால் சொன்ன பிறகு அதைத் திரும்ப எடுக்கவும் இல்லை. அக்கா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தா. “அப்ப இப்ப என்ன செய்யிறது, தம்பி?” என்று மட்டும் கேட்டா.

மிஸ் வந்தா. விஷயத்தைக் கேட்டா. என்னை ஒன்றும் கேட்கவில்லை. தானே உட்கார்ந்து விசேட அனுமதிக்கான கடிதத்தைத் தட்டெழுதினா. அன்றைக்கே அக்காவோடு விசா அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனுசன். தமிழ்நாட்டுக்காரர். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“டூரிஸ்ட் விசால போயி ஹாஸ்பிடல்ல இருந்திருக்கீங்க. அதுவே ஒரு கேள்விம்மா. சரி, அதை விடுங்க. உங்க வீட்டுக்காரர் அங்க இருக்கார், நீங்க கூட இருந்தே ஆகணும்னு டாக்டர் கையெழுத்துப் போட்ட லெட்டர் வேணும். அது வந்தா நானே உள்ள எடுத்துட்டுப் போறேன்.”

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து பெக்ஸில் ஒரு கடிதம் வந்தது. நோயாளி சிகிச்சையில் இருக்கிறார் என்று இருந்தது. அக்காவைப் பற்றி ஒரு சொல் இல்லை. டாக்டரின் கையெழுத்தும் இல்லை. மட்டக்களப்பு அம்மா தன் நோயாளியை விட்டுவிட்டு இன்னொரு கடிதத்துக்காக ஆஸ்பத்திரி வாசலில் காத்து நின்றா. டாக்டர் சத்திரசிகிச்சையில் இருந்தாராம். வெள்ளி பிற்பகல் சரியான கடிதம் வந்தபோது விண்ணப்பம் எடுக்கும் யன்னல் மூடியாயிற்று. சனி, ஞாயிறு. திங்கள் பௌர்ணமிப் போயா விடுமுறை.

சனிக்கிழமை அக்கா எங்கள் அலுவலகத்துக்கு வந்து தர்மலிங்கம் அண்ணரோடு கதைத்தா. முடிவில் தொலைபேசியை என்னிடம் நீட்டினா. அண்ணரின் குரல் வறண்டு போயிருந்தது.

“தம்பி, எங்களால உமக்கும் கரைச்சல். அவவைக் கொஞ்சம் ஆறுதலா இருக்கச் சொல்லும். சாப்பிடாமல் திரியிறா போல.”

நான் “ஓம் அண்ணை, ஓம் அண்ணை” என்றேன்.  அப்போதாவது சொல்லியிருக்கலாம். பிழை என்னுடையது அண்ணை என்று ஒரு வசனம். ஒரு ரயில் வந்தது, மேசைக் கண்ணாடி நடுங்கியது, அதைச் சாட்டி தொலைபேசியை அக்காவிடம் திருப்பிக் கொடுத்தேன்.

போயா தினத்து மாலை அண்ணர் இறந்துபோனார். மட்டக்களப்பு அம்மாதான் கூட இருந்திருக்கிறா.

செவ்வாய் காலை நான் தனியாக விசா அலுவலகத்துக்குப் போனேன். அக்காவின் பாஸ்போர்ட், ஆஸ்பத்திரிக் கடிதம், கல்யாணப் பதிவு, எல்லாம் கையில். அந்தக் கடிதம் உயிரோடிருக்கும் நோயாளிக்காக எழுதப்பட்டது. இறந்துவிட்டார் என்று சொன்னால் காரணம் மாறும், மரணச் சான்றிதழ் வேண்டும், இன்னும் இரண்டு மூன்று நாள் போகும். அதிகாரி சொன்னபடியே தானே எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பதினொரு மணிக்கு வெளியே வந்து, அனுமதி எழுதிய பக்கத்தைத் திறந்து காட்டினார்.

“இப்ப எப்படி இருக்காரு?”

“அப்படியேதான் இருக்கிறார்” என்றேன்.

“கவலைப்படாம போகச் சொல்லுங்க.”

அன்று மாலை விமானத்தில் அக்கா போனா. சிந்துவுக்கு விசா இல்லை. அந்தப் பிள்ளை தகப்பனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை. அக்கா கொள்ளி முடித்து, சாம்பலைக் கரைத்துவிட்டு வந்தா.

ஒரு வாரம் போனது. பிறகு ஒரு நாள் எல்லோரும் போன பின்னேரம் மிஸ் கோப்பைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்து வைத்தா. அறிவித்தல். அடியில் என் கையெழுத்து, திகதி. கண்ணாடியைக் கழற்றி அதற்குப் பக்கத்தில் வைத்தா.

“அவவுக்குச் சொன்னீரா?”

“இன்னும் இல்லை மிஸ். சொல்லுவன்.”

“நான் சொல்லமாட்டன், குலசிங்கம். அது நீர் சொல்ல வேண்டியது.”

வேலையை விட்டு நிறுத்தியிருந்தால் கூட ஆறியிருப்பேன். அவ அதைச் செய்யவில்லை. அடுத்த நாள் வழமைபோல் பாஸ்போர்ட்டை எடுத்துத் தந்து, “வாசியும்” என்றா. நான் வாசித்தேன், அவ விரல் வைத்தா.

அண்ணரின் முப்பத்தோராம் நாள் கிரியை வந்தது. வழக்கம்போல நினைவு மலர் அச்சடித்தார்கள். தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, படம். கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். ஆஸ்பத்திரியில் உதவியவர்கள், செய்தி அறிந்து வந்தவர்கள், சமைத்தவர்கள் என்று எல்லோருக்கும் பொதுவாக நன்றி சொல்லிவிட்டு, தனியாக ஒரு வரி: ‘இரவு பகல் பாராது அலைந்து பயண அனுமதி பெற்றுத் தந்த திரு. குலசிங்கம் அவர்கட்கு எமது நெஞ்சார்ந்த நன்றிகள்.’ சாப்பாட்டுப் பந்தியில் அதை என் கையில் தந்தார்கள். என் மனைவி பக்கத்தில் இருந்து வாசித்துவிட்டு, “உங்கட பேர் போட்டிருக்கினம்” என்றா. இலையை மூடிவிட்டு எழும்பினேன். அந்த மலரை எறியவும் மனமில்லை, வைத்திருக்கவும் மனமில்லை. அலுமாரியில் துணிகளுக்கு அடியில் இன்னும் கிடக்கிறது.

சொல்லப் போனேன் என்று பொய் சொல்லமாட்டேன். இரண்டு தரம் அவர்கள் ஒழுங்கை முனை வரை போனது உண்மை. இரண்டு தரமும் பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். கொஞ்ச வருடத்தில் அந்த இடைவெளி விதியையே எடுத்துவிட்டார்கள். அந்த அறிவித்தலுக்கும் கையெழுத்து வைத்தேன். மிஸ் காலமானா. என் கால் வருத்தத்தோடு நானும் ஓய்வு பெற்று, கிருலப்பனையில் மூன்றாம் மாடி வீடொன்றில் மனைவியோடு இருக்கிறேன். வேலையின் கடைசி வருடங்களில் ஒருவருக்கும் ‘போகலாம்’ என்று நான் சொல்லவில்லை. பயந்தாங்கொள்ளி என்று புதுப் பிள்ளைகள் பின்னால் சிரித்தது தெரியும்.

போன மாதம் கதவு தட்டியது. யோகேஸ்வரி அக்காவும் சிந்துவும். அக்காவுக்குத் தலை முழுதும் வெள்ளை. சிந்து இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அக்காவுக்குக் கண் சத்திரசிகிச்சை, சென்னையில். ஒரு கண் செய்து, மூன்று வாரம் கழித்து மற்றக் கண். சிந்து கூடப் போய், இடையில் பிள்ளைகளின் பரீட்சைக்காகக் கொழும்புக்கு வந்து, மறுபடி போக வேண்டும். விசாவைக் கணினியிலேயே எடுத்துவிட்டாள். அந்தத் தாளை அக்கா கைப்பைக்குள் இருந்து எடுத்தா.

“மகள் எல்லாம் சரி எண்டுதான் சொல்லுறாள், தம்பி. எனக்குத்தான் நம்பிக்கை வரேல்லை. இவள் இடையில வந்திட்டுத் திரும்பிப் போகலாமோ?”

மனைவி தேநீர் போட உள்ளே போனா. எனக்கு அந்தத் தாளைத் தொடக் கை வரவில்லை. இவ்வளவு காலமும் சொல்லாமல் வைத்திருந்தது தானாக வந்தது.

“அக்கா, அண்டைக்குச் சட்டம் நேற்றுத்தான் மாறினது எண்டு சொன்னனான் எல்லோ. அது பொய்.”

“தெரியும்.”

நான் அவவைப் பார்த்தேன். கோபமாகவும் இல்லை, அழவும் இல்லை. சாதாரணமாகத்தான் இருந்தா.

“அந்தக் கவுண்டர்ப் பிள்ளையிட்டக் கேட்டனான். சட்டம் வந்து கனநாள் எண்டு அவள் அப்பவே சொன்னவள். உங்கட படியில இருக்கேக்கையே எனக்குத் தெரியும்.”

“அப்ப ஏன் அக்கா ஒண்டும் சொல்லேல்லை?”

“சொல்லி? உங்களோட கோவிச்சால் எனக்கு ஆர் ஓடித் திரியிறது? எனக்கு அவரிட்டப் போய்ச் சேர்ந்தால் போதும் எண்டு இருந்தது.”

“மலரில என்ரை பேரையும் போட்டியளே.”

அக்கா சிந்துவைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா.

“அதைக் கண்டிட்டாவது வந்து சொல்லுவியள் எண்டு நினைச்சனான். கொஞ்ச நாள் பாத்துக்கொண்டு இருந்தன், தம்பி. பிறகு விட்டிட்டன்.”

எனக்கு அழுகை வந்தது. அறுபத்தேழு வயதில், ஒரு பெண்பிள்ளைக்கு முன்னால், மறைக்காமல் அழுதேன். மன்னிப்புக் கேட்டேன்.  அக்கா மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தாளை என் பக்கம் நகர்த்தி வைத்தா.

“இதை வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ.”

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து சத்தமாக வாசித்தேன். பெயர், பாஸ்போர்ட் இலக்கம், எத்தனை தரம் நுழையலாம், எந்தத் திகதி வரை. சிந்து தன் பாஸ்போர்ட்டில் விரல் வைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு தரம் வாசித்தோம். போய் வந்து திரும்பப் போகலாம் என்றுதான் தெளிவாக இருந்தது. இடைவெளி ஒன்றும் இல்லை. எனக்கும் தெரிந்தது, சிந்துவுக்கும் தெரிந்தது.

“ஒரு நாள் தாங்கோ அக்கா” என்றேன். “கேட்டுட்டுச் சொல்லுறன்.”

அக்கா தலையாட்டினா. “ஓம், ஆறுதலாக் கேட்டுச் சொல்லுங்கோ” என்றுவிட்டுத் தேநீரை எடுத்தா. அந்த வெள்ளிக்கிழமை, சோற்றுக் கையோடு, நான் அவவுக்குச் சொல்லியிருக்க வேண்டியது இந்த ஒரு வசனம்தான்.